எண்ணெயை மாற்றினால் கட்டி கரையாது

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் இப்போது ஒரே பேச்சுதான்: "சூரியகாந்தி எண்ணெய விட்டுட்டேன் டாக்டர், தேங்காய் எண்ணெய்க்கு மாறிட்டேன். அப்படியும் மார்புக் கட்டி குறையல." மாற்றிப் பார்த்ததிலேயே மாதங்கள் போய்விடுகின்றன. எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு எலி ஆய்வுச் செய்தியின் வேலை: சூரியகாந்தி எண்ணெய் கொடுத்த எலிகளுக்கு மார்புக் கட்டி அதிகம், தேங்காய் எண்ணெய் கொடுத்தவற்றுக்குக் குறைவு என்று.

ஆய்வு பொய்யில்லை. கொழுப்பு கூடிய தீனி தின்ற சுண்டெலிகளுக்கு மார்புக் கட்டி அதிகம் வருவதை 1942-லேயே அமெரிக்க ஆய்வாளர் டானன்பாம் காட்டிவிட்டார். பிறகு வந்த எலி ஆய்வுகளில் பலவற்றின் முறை இது: சுமார் 50 நாள் வயதுப் பெண் எலிக்கு டிஎம்பிஏ என்ற ரசாயனத்தைக் குழாய் வழியாக ஒரே முறை வயிற்றுக்குள் செலுத்துவார்கள். அதன் பிறகுதான் கொழுப்புத் தீனி. அதாவது புற்றை மூட்டியது டிஎம்பிஏ. மூண்டதை வளர்த்ததுதான் எண்ணெய். அந்த டிஎம்பிஏவைக் கரைக்கப் பல ஆய்வுகளில் பயன்பட்டது நல்லெண்ணெய். அதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

அளவையும் பாருங்கள். எலியின் வழக்கமான தீனியில் கொழுப்பு எடைக்கு 5 சதவீதம் அளவில்தான் இருக்கும். இந்த ஆய்வுகளில் 20 சதவீதம். கலோரிக் கணக்கில் அது ஏறக்குறைய 40 சதவீதம்.

தேங்காய் எண்ணெய்க் கதைக்கு வருவோம். அதை மட்டும் கொடுத்த எலிகளுக்குக் கட்டி குறைவு என்பது உண்மை. ஆனால் 17 சதவீதம் தேங்காய் எண்ணெயோடு வெறும் 3 சதவீதம் சூரியகாந்தி எண்ணெயைச் சேர்த்ததும், 20 சதவீதமும் சூரியகாந்தி எண்ணெயாகவே கொடுத்த எலிகளுக்கு வந்த அளவு கட்டிகள் வந்துவிட்டன. சூரியகாந்தி எண்ணெயில் நிறையவும் தேங்காய் எண்ணெயில் மிகக் கொஞ்சமும் இருக்கும் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தேவையான அளவு கிடைத்துவிட்டால், அதற்கு மேல் மொத்தக் கொழுப்புதான் கணக்கு. சட்டியில் தேங்காய் எண்ணெய், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், கூடவே கடலைச் சட்னி, சாயங்காலம் கடை வடை. லினோலிக் அமிலம் வராமல் எங்கே போகும்? மீன் எண்ணெய் கொடுத்த எலிகளுக்குக் கட்டி குறைந்தது என்பதும் சரிதான். அதற்காகச் சாளையை மருந்தென்று நினைக்காதீர்கள். நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள், அவ்வளவே. தீனியின் மொத்த அளவைக் குறைத்தபோதும் கட்டிகள் நன்றாகக் குறைந்தன, தீனியில் கொழுப்பு கூடுதலாக இருந்தபோதுகூட. இதை ஏனோ யாரும் பரப்புவதில்லை.

மனிதர்களிடமும் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்த குழுவில் மார்பகப் புற்று கொஞ்சம் குறைவு, ஆனால் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. மாதவிடாய் நின்ற பின் உடல் எடை கூடுவது ஆபத்தைக் கூட்டும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. எண்ணெயைக் குறைக்க அதுவே போதுமான காரணம்.

இன்னொன்று: டிஎம்பிஏ கட்டி எலிக்குள் வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். மனிதருக்கு வரும் மார்பகப் புற்று பரவும்.

"வலிக்கலையே" என்று சொல்லாதீர்கள். புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தோல் குழிவது, காம்பு உள்ளிழுப்பது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, இதில் எது தெரிந்தாலும் அந்த வாரமே வாருங்கள். இளம் வயதில் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், 40 தாண்டினால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேர்த்து, பிறகு ஊசி பயாப்சி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. ஊசி குத்தினால் பரவிவிடும் என்பது கட்டுக்கதை. பயாப்சி இல்லாமல் கட்டியை அறுத்தெடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எடுத்த சதையை 10 சதவீத ஃபார்மலினில் உடனே போட வேண்டும். சலைனில் கிடந்தால் அழுகிவிடும், ஹார்மோன் மருந்து கேட்குமா என்று பார்க்கும் ஹார்மோன் ஏற்பிச் சோதனையை நம்ப முடியாது. (சின்ன கிளினிக்குகளில் இது இன்னும் நடக்கிறது.)

கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாரே, ஒரு நாள் கூலி போகும்தான், தெரியும். 30 வயது தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பைப் பரிசோதித்துக்கொள்ளலாம், செலவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு பழைய ஸ்கேன் படங்களையும் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமும் வேண்டும்.