சொல்லுக்கு மதிப்பெண் போடும் ஃபில்டர்

"ப்ராக்ஸி சர்வரில் ஸ்க்விட் என்ற மென்பொருள் ஓடுகிறது. வேண்டாத பக்கங்களைத் தடுக்க அதோடு எந்த ஃபில்டரைச் சேர்க்கலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நம் கணினி கேட்கும் பக்கங்களை ப்ராக்ஸிதான் வெளியே போய் வாங்கி வருகிறது. எனவே தடுப்பதற்கும் அதுவே தோதான இடம். ஸ்க்விட்கார்ட் போன்ற ஃபில்டர்கள் முகவரிப் பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இருந்தால் தடை. அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது டான்ஸ்கார்டியன் என்ற ஃபில்டரும் அதன் வழிவந்த இ2கார்டியனும் செய்யும் வேலை. அவை பக்கத்தையே படிக்கின்றன. படிப்பதிலும் நிதானம் வேண்டும். 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவையில் கணக்கே தொடங்க முடியவில்லை. ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் அடுத்தடுத்து வந்ததால் அதன் ஃபில்டர் தடுத்ததுதான் காரணம்.

டான்ஸ்கார்டியன் ஒரு சொல்லைக் கண்டதுமே கதவைச் சாத்தாது, மதிப்பெண் போடும். 'மார்பகம்' என்று வந்தால் 30 ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பக்கத்தில் 'புற்றுநோய்', 'அறுவை சிகிச்சை' என்றும் இருந்தால் 40 இறங்கும். ஆம், நல்ல சொற்களுக்குக் கழித்தல் மதிப்பெண்! தனியாக வந்தால் பொருட்படுத்தாமல், இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து வந்தால் மட்டும் எண்ணும்படியும் அமைக்கலாம். கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால்தான் தடை. சிறு குழந்தைகளுக்கு 50, வளர்ந்த பிள்ளைகளுக்கு 100, இளைஞர்களுக்கு 160 என்று அதன் அமைப்புக் கோப்பிலேயே யோசனை எழுதியிருக்கும். வெறும் கூட்டல் கழித்தலை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தின் சூழலைப் பிடிப்பது எவ்வளவு அழகு!

சரி, இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்.டி.டி.பி.எஸ். ஆகிவிட்டன, அதாவது தகவலைப் பூட்டியே அனுப்புகின்றன. ப்ராக்ஸிக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும். உள்ளே இருப்பது பூட்டிய பெட்டி. அதைத் திறக்க, 'இதுதான் அந்தத் தளம்' என்று காட்டும் சான்றிதழை ப்ராக்ஸி தானே ஒவ்வொரு தளத்துக்கும் தயாரிக்க வேண்டும். அதை நம்பும்படி எல்லாக் கணினிகளிலும் ப்ராக்ஸியின் மூலச் சான்றிதழை நிறுவ வேண்டும். அப்புறம் வங்கிக் கடவுச்சொல்கூட ப்ராக்ஸிக்குள் திறந்து கிடக்கும். வங்கி, மருத்துவத் தளங்களுக்கு விலக்குத் தர முடியாத மென்பொருளை நான் எந்த நெட்வொர்க்கிலும் அனுமதிக்க மாட்டேன்.

பெரியவர்கள் மட்டும் புழங்கும் இடத்துக்கு முகவரிப் பட்டியலே போதும். குழந்தைகளின் கணினிகளுக்கு இ2கார்டியனைப் போடுங்கள். எதை எடுத்தாலும், முதலில் மார்பகப் புற்றுநோய் பற்றிய பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தடுத்தால், நடந்ததை ஃபில்டர் எழுதி வைக்கும் லாக் கோப்பைப் படியுங்கள். எந்தச் சொல்லுக்கு எத்தனை மதிப்பெண் போட்டது என்று அதில் இருந்தால் திருத்திவிடலாம். இல்லையென்றால் வேறு மென்பொருள் தேடுங்கள்.