சுளகு, மரவள்ளி, சப்பாணி: பிள்ளைகள் பார்த்துச் செய்வது எப்படி?

நெல் வெட்டு முடிந்த காலத்தில் வன்னி முற்றங்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. அம்மம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு தட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு தானும் புடைக்கும். தட்டில் ஒன்றும் இராது. ஆனாலும் கை மேலும் கீழும் போகும், கடைசியில் வாயால் ஒரு ஊதலும் வரும்.

கையசைவாவது பரவாயில்லை, பிள்ளை தன் கையைத் தானே பார்க்கலாம். ஊதுவது எப்படி? அம்மம்மாவின் குவிந்த உதடு பிள்ளையின் கண்ணுக்கு ஒரு உருவம். தன் உதட்டைக் குவிக்கும்போது அதற்குக் கிடைப்பதோ வெறும் தசை உணர்வு. தன் முகத்தை அது பார்ப்பதே இல்லை. அந்த உருவமும் இந்த உணர்வும் ஒரே செயல்தான் என்று அதன் மூளைக்கு யார் சொன்னது?

பிறவியிலேயே தெரியும் என்பது ஒரு பதில். 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப், கீத் மூர் இருவரும் இரண்டு, மூன்று வாரக் குழந்தைகள் முன் நாக்கை நீட்டினார்கள், குழந்தைகளும் நீட்டின. 1983இல் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளிடமும் அதையே கண்டதாக எழுதினார்கள். பாடப்புத்தகங்களில் அது நிலைத்துவிட்டது. ஆனால் 2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை ஒன்று, மூன்று, ஆறு, ஒன்பது வாரங்களில் திரும்பத் திரும்பச் சோதித்தபோது பாவனை, அதாவது பார்த்ததை அப்படியே செய்தல், நடந்ததற்கான ஆதாரமே கிடைக்கவில்லை. நாம் நாக்கை நீட்டினாலும் நீட்டுகிறார்கள், வேறெதைச் செய்தாலும் நீட்டுகிறார்கள். பச்சைக்குழந்தை உற்சாகம் வந்தால் நாக்கை நீட்டும், அவ்வளவுதான். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால் 2016 பக்கம்தான் கை தூக்குவேன்.

சரி, பிறவியில் இல்லையென்றால் எங்கிருந்து வருகிறது? ஆக்ஸ்ஃபோர்டின் செசிலியா ஹேய்ஸ் சொல்லும் விளக்கம் நம் வீடுகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. பிள்ளை நம்மைப் பாவனை செய்வதற்கு முன்பே நாம் பிள்ளையைப் பாவனை செய்கிறோம். அது வாயைத் திறந்தால் அம்மாவும் திறக்கிறார். ‘ங்கா’ என்றால் அம்மம்மாவும் ‘ங்கா’ என்கிறார். அப்படி ஒவ்வொரு தடவையும் தன் தசை உணர்வும் எதிரே இருக்கும் முகமும் ஒரே நேரத்தில் மூளைக்குள் போகின்றன. சேர்ந்தே வருகிறவை மூளையில் சேர்த்தே முடிச்சுப் போடப்படும். சப்பாணி கொட்டும் விளையாட்டில் நடப்பதும் இதுதான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தது சும்மா இல்லை. கை கொட்டுவது மாதிரியான பாவனைகள் தெளிவாகத் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய அந்த வயதில்தான்.

1990களில் இத்தாலியின் பார்மா நகரில் குரங்கு மூளைகளில் கண்டுபிடிக்கப்பட்ட ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தான் செய்தாலும் பிறர் செய்வதைப் பார்த்தாலும் துடிக்கும் செல்கள் அவை. பாவனையின் இரகசியமே அதுதான் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. ஆனால் 2007இல் ஹேய்ஸ் குழுவினர், சுட்டுவிரல் அசைவதைக் கண்டால் சின்னிவிரலை அசைக்கும்படி பெரியவர்களைப் பழக்கினார்கள். பழகியபின் சுட்டுவிரலைச் சும்மா பார்த்தாலே அவர்களின் சின்னிவிரல் தசை கூடுதலாகத் துலங்கியது. கண்ணாடியையே பழக்கத்தால் கோணலாக்கலாம் என்றால், அது பழக்கத்தால்தான் உருவாகியும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஒரு வயது தாண்டியதும் விஷயம் இன்னும் சுவையாகிறது. பிள்ளை அசைவைவிட நோக்கத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. 2002இல் ஹங்கேரியில் நடந்த ஆய்வில், ஒரு பெண் நெற்றியால் முட்டி விளக்கை எரியவைத்தார். கைகள் சும்மா இருக்க அவர் அப்படிச் செய்ததைக் கண்ட 14 மாதப் பிள்ளைகளில் 69 சதவீதம் தாங்களும் நெற்றியால் முட்டினார்கள். குளிருக்குப் போர்த்திய போர்வையைப் பிடித்தபடி செய்தபோது 21 சதவீதம்தான். மற்றவர்கள் கையாலேயே அழுத்திவிட்டார்கள். பாவம், அவருக்குக் கை ஒழியவில்லை, எனக்கென்ன என்ற கணக்கு.

இவ்வளவு கெட்டித்தனம் உள்ள பிள்ளை மூன்று, நான்கு வயதில் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். 2005இல் வெளிவந்த ஆய்வில், உள்ளே தெரியும் பெட்டி ஒன்றிலிருந்து பரிசை எடுத்துக் காட்டினார்கள், இடையில் வீணாகச் சில தட்டுகளும் தட்டினார்கள். உகண்டாவின் சிம்பன்சிகள் வீண் தட்டுகளை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் அத்தனையும் தட்டிவிட்டுத்தான் எடுத்தார்கள். களகாரிப் பாலைவனத்துப் பிள்ளைகளும் அப்படியே என்று 2010இல் தெரிந்தது.

தோற்றது மனிதப் பிள்ளையா? மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் மரவள்ளி அவிக்கும்போது பானையை மூட விடமாட்டார்கள். இஞ்சியையும் அருகில் சேர்க்கமாட்டார்கள். கிழங்கை வெட்டும்போது அதிலுள்ள லினமரின் என்ற பொருள் சிதைந்து ஹைட்ரஜன் சயனைட் என்ற நஞ்சு வெளிவரும். அது ஏறத்தாழ 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் பொருள், திறந்த பானையிலிருந்து ஆவியோடு போய்விடும். இஞ்சி விலக்குக்கு இப்படி நேரான விளக்கம் கிடையாது. ஆனால் அடுப்படியில் பார்த்துப் பழகும் பிள்ளைக்கு எது வேண்டியது, எது வீண் என்று எப்படித் தெரியும்? சிம்பன்சி மாதிரி ‘வீண்’ என்று நினைத்ததை எல்லாம் விட்டால், மூடியும் ஒருநாள் பானைமேல் ஏறிவிடும். எல்லாவற்றையும் அப்படியே செய்வதுதான் பத்திரம்.

இன்று பல அம்மம்மாக்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும், பேரப்பிள்ளைகள் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். போன் திரையில் சப்பாணி கொட்டினால் பிள்ளை பழகுமா? பதிவுசெய்த காணொளியைப் பார்த்து ஒன்றரை வயதுப் பிள்ளைகள் பாவனை செய்வது, நேரில் பார்ப்பதைவிடத் தெளிவாகக் குறைவு. ஆனால் 2014இல் அமெரிக்காவில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குப் புதுச் சொற்களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். பதிவில் பார்த்தவர்கள் பழகவில்லை. நேரடிக் காணொளி அழைப்பில் பேசியவர்களோ நேரில் இருந்தவர்கள் அளவுக்கே பழகிக்கொண்டார்கள். அழைப்பில் மட்டும்தான் மறுபக்கத்து ஆள் பிள்ளையின் சத்தத்துக்கும் அசைவுக்கும் உடனுக்குடன் பதில் தருகிறார். அதனால் அம்மம்மா திரைக்கு முன் இருந்து கொட்டிக்காட்டுவதோடு நிற்காமல், பிள்ளை ‘ங்கா’ என்றதும் தானும் ‘ங்கா’ என்பது நல்லது. இணைப்பு விட்டு விட்டு வந்தால் அது கொஞ்சம் கஷ்டம்தான்.