கீமோவுக்குப் பின் காய்ச்சல்: முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்

இரத்தப் புற்றுநோயான லியூக்கேமியாவுக்குக் கொடுக்கும் கீமோ மருந்து புற்றணுவை மட்டும் தேடிப் போவதில்லை. வேகமாகப் பெருகும் எந்த அணுவையும் தாக்கும். எலும்பு மஜ்ஜையும், வாயிலிருந்து ஆசனவாய் வரை படர்ந்திருக்கும் உள்தோலும் அப்படிப்பட்டவை. அதனால் இரண்டு சேதம் சேர்ந்தே வருகிறது. கிருமியை விழுங்கிக் கொல்லும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் குறைகின்றன. அதே நாட்களில் குடலின் உள்சுவரும் புண்ணாகிக் கசியத் தொடங்குகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இறங்கினால் ஆபத்து, 100க்குக் கீழே போனால் மிகப் பெரிய ஆபத்து. பல கீமோக்களில் இந்தச் சரிவு 7 முதல் 14ஆம் நாளுக்குள் வரும். அக்யூட் மைலாய்டு லியூக்கேமியா என்ற வகையின் முதல் சுற்றில் மூன்று நான்கு வாரம்கூட நீடிக்கும். அதனால்தான் அந்த நோயாளிகளை வார்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

இரத்தத்தில் கிருமி என்றதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, பார்க்க வந்தவர்களில் யார் கொண்டுவந்தார்கள் என்றுதான். பெரும்பாலும் யாரும் கொண்டுவருவதில்லை. ஈ.கோலி, கிளெப்சியெல்லா போன்றவை நோயாளியின் குடலிலேயே குடியிருப்பவை. கசியும் சுவர் வழியாக இரத்தத்துக்குள் நுழைகின்றன. இன்னொரு வழி, மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்திலோ கையிலோ பொருத்திய மத்தியக் குழாய். தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும்.

வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ் கட்டாது. நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே தெளிவாகத் தெரியலாம். புண் சிவக்காமலும் வீங்காமலும் இருக்கலாம். பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரே ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலும், 38.0க்குக் குறையாமல் ஒரு மணி நேரம் நின்றாலும் அது அவசரம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழி திறக்கும். ப்ரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம். அவர்களுக்கு நடுக்கம், தலைசுற்றல், மனக்குழப்பம் ஆகியவற்றையும் அதே அவசரத்தோடு பார்க்க வேண்டும்.

நம் மலேசியத் தோட்டத்து வீடுகளில் பனடோல் இல்லாத அலமாரி கிடையாது. உடம்பு சுட்டால் இரண்டு மாத்திரை, காலையில் கிளினிக்குக்குப் போகலாம் என்பது எல்லாருக்கும் பழகிய வழி. கீமோ எடுத்தவருக்கு இது சரிப்படாது. பனடோல் சூட்டைக் குறைக்கும், கிருமியைத் தொடாது. எண் இறங்கியதும் வீடு நிம்மதியாகத் தூங்கிவிடும். குடல் கிருமி இரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். முதலில் அளவெடுங்கள், எழுதிவையுங்கள், உடனே கிளம்புங்கள். இரத்த நோய்ச் சிகிச்சைக்கான தேசிய மையம் அம்பாங் மருத்துவமனை. சுங்கை சிப்புட்டிலிருந்து அது 200 கிலோமீட்டருக்கும் அப்பால். காய்ச்சலோடு அவ்வளவு தூரம் ஓட வேண்டாம். பக்கத்து அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதல் ஊசி போட்ட பிறகு மற்றதை முடிவு செய்யலாம். வந்து சேர்ந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் இறங்க வேண்டும் என்பதே இலக்கு.

அந்த ஊசிக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரத்தக் கல்ச்சர். ஒரு செட்டுக்கு இரண்டு பாட்டில், ஒன்று காற்றுள்ளது, ஒன்று காற்றில்லாதது. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர். இரண்டு செட் எடுத்தால் 40 மில்லிலிட்டர் வரை போகும். ஏற்கெனவே இரத்தம் ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் இவ்வளவு எடுக்கிறார்களே என்று வீட்டார் பதறுவது நியாயம்தான். ஆனால் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் இருக்கலாம். குறைவாக எடுத்தால் கிருமி இருந்தும் பாட்டில் ஒன்றும் சொல்லாது.

தாதி குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஆல்கஹாலால் தோலைத் துடைத்துவிட்டு, அது காயும்வரை அரை நிமிடம் காத்திருப்பார். ஈரத்திலேயே ஊசி போட்டால் தோல் கிருமி பாட்டிலுக்குள் போய், பிறகு இது நிஜமா கலப்படமா என்று இரண்டு நாள் குழம்ப வேண்டிவரும். குழாய் உள்ளவருக்கு ஒரு செட் குழாயிலிருந்தும் ஒரு செட் கை நரம்பிலிருந்தும் எடுப்பார்கள். குழாய் இரத்தம் கை இரத்தத்தைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக் கிருமியைக் காட்டினால், சிக்கல் குழாயில்தான் என்று சந்தேகிக்கலாம். இரவில் லேப் மூடியிருந்தால் பாட்டில் அறை வெப்பத்தில் இருக்கலாம். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வழியில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுக்கொண்டு வந்தால், பாட்டிலில் எதுவும் வளராமல் போகலாம்.

லேபில் பாட்டிலைச் சுமார் 35 டிகிரியில் வைப்பார்கள். கிருமி வளர்ந்து கரியமில வாயுவை விட்டதும் அடியிலுள்ள உணரி நிறம் மாறி இயந்திரம் ஒலிக்கும். உண்மையான தொற்று பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். எந்த மருந்து வேலை செய்யும் என்பது தெரிய மேலும் ஒன்றிரண்டு நாள். அதுவரை கொடுப்பதெல்லாம் அனுபவ ஊகம். மருந்துக்கு அடங்காத எதிர்ப்புக் கிருமி ஆளைக் கொல்வது இந்த இடைவெளியில்தான்.

வழக்கமான முதல் மருந்துகளில் ஒன்று பைபெராசிலின்-டாசோபாக்டம், 4.5 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. பென்சிலின் குடும்ப மருந்துகள் எல்லாம் பாக்டீரியாவின் சுவரைப் பின்னும் நொதியைப் பிடித்து நிறுத்துபவை. ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கும் கிருமி, அந்த மருந்தின் நான்கு முனை வளையத்தை வெட்டிவிடும். செஃப்ட்ரையாக்சோன், செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக்குகளும் அதனிடம் தோற்கும். சமையல் குறிப்பை எழுதிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதுபோல, ஒரு கிருமி இந்த நொதிக்கான மரபணுவை பிளாஸ்மிட் என்னும் வளையத்தில் நகலெடுத்து இன்னொரு கிருமிக்குக் கொடுக்கிறது. அதே பிளாஸ்மிட்டில் ஜென்டாமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்கை முறிக்கும் மரபணுவும் சேர்ந்தே பயணிப்பதுண்டு.

செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலி, கிளெப்சியெல்லா இரத்தத் தொற்றுகளில் பைபெராசிலின்-டாசோபாக்டமையும், மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்கையும் ஒப்பிட்ட மெரினோ ஆய்வு 2018இல் வெளியானது. 30 நாளில் இறந்தவர்கள் முதல் மருந்தில் 12.3 சதவீதம், மெரோபெனெமில் 3.7 சதவீதம். லேப் தாளில் வேலை செய்யும் என்று போட்டிருந்த மருந்து படுக்கையில் கைவிட்டது.

அப்படியானால் எல்லாருக்கும் மெரோபெனெமே கொடுத்துவிடலாமே? கொடுத்தால் அதற்கும் அடங்காதவை தேர்ந்தெடுக்கப்பட்டு குடலில் மிஞ்சும். கேபிசி, ஓஎக்ஸ்ஏ-48, என்டிஎம் ஆகிய நொதிகள் மெரோபெனெமையும் முறிக்கக்கூடியவை. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து முதல் இரண்டை அடக்கும். துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் என்டிஎம்மை அது தொடாது. அதற்கு அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தையும் சேர்க்க வேண்டும். கொலிஸ்டின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக் கடைசிக் கையிருப்பு, ஆனால் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். அதற்கும் எதிர்ப்பைக் கடத்தும் எம்சிஆர்-1 மரபணுவை 2015இல் சீனாவில் கண்டறிந்தார்கள். கோழிக்கும் பன்றிக்கும் கொலிஸ்டின் கொடுப்பதை மலேசியா 2019இல் தடை செய்தது. கோழிப்பண்ணைகளுக்குப் பக்கத்திலேயே வாழும் நமக்கு அது நல்ல முடிவு.

மெரோபெனெமை 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும்போது, பல வார்டுகளில் ஒவ்வொரு தடவையும் 3 மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் எவ்வளவு நேரம் போதுமானதாக நிற்கிறதோ, அவ்வளவுக்குத்தான் கிருமி சாகும். சொட்டு மெதுவாக விழுகிறதே என்று சொட்டுக் குழாயின் உருளையைத் திருப்பி வேகப்படுத்த வேண்டாம்.

வார்டில் ஆசனவாய்ச் சுவாப் எடுத்துப் பார்ப்பதும், எதிர்ப்புக் கிருமி குடலில் இருப்பவரைத் தனியறையில் வைப்பதும் தண்டனை அல்ல. கைகளாலும், கழுவுதொட்டியின் வடிகுழியாலும் கிருமி பக்கத்துப் படுக்கைக்குப் போகாமல் காப்பதற்காகத்தான். வடிகுழிக்குள் சூடோமோனாஸ் என்ற கிருமி வருடக்கணக்கில் வாழும். மிச்சச் சோற்றையும் குடித்த பாலையும் அந்தத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் கவலை மண். மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயைத் தரும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் அதிகம் தாக்கும். ஜென்டாமைசினுக்குப் பெரும்பாலும் அடங்காது. செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ வேண்டும். பிறகு மாதக்கணக்கில் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை. வெள்ளணு குறைந்த நாட்களில் வெறுங்காலோடு செம்பனைக் காட்டுக்குள் போவது, வாய்க்கால் தூர்வாருவது, தொட்டிச் செடிக்கு மண் கிளறுவது எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு மீதி ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வேண்டாம்; அது காய்ச்சலுக்கும் உதவாது, குடலில் எதிர்ப்புக் கிருமிக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் தாள். முன்பு கல்ச்சரில் எந்தக் கிருமி வந்தது, எதற்கு அடங்கவில்லை என்ற வரியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடலில் ஈஎஸ்பிஎல் கிருமி மாதக்கணக்கில் தங்கும். அவசரப் பிரிவுக் கவுண்டரில் இப்படிச் சொல்லுங்கள்: “லியூக்கேமியா, கீமோ முடிந்து பத்து நாள், காய்ச்சல் 38.5, மத்தியக் குழாய் இருக்கிறது, போன முறை ஈஎஸ்பிஎல் கிளெப்சியெல்லா.” இதைக் கேட்ட டாக்டர் செஃப்ட்ரையாக்சோனை விட்டுவிட்டு, முதல் ஊசியாகவே மெரோபெனெமை எடுக்க முடியும்.