கை வலிக்குதுன்னா திருப்பத்தைப் பாருங்க: ஸ்லாலம் ஸ்கீ ஓட்டுறவங்களுக்கு ஒரு பிசியோ சொல்றது

சேலத்துல பிசியோதெரபி பார்க்கறவங்களுக்குக் கைப்பிடி சம்பந்தப்பட்ட வலி புதுசே இல்லைங்க. கொலுசுப் பட்டறையில காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கொறடு புடிச்சவங்க வருவாங்க, தறி ஓட்டுறவங்க வருவாங்க, ஏற்காட்டுல இருந்து மிளகு பறிக்கறவங்க வருவாங்க. எல்லாருக்கும் முழங்கை, மணிக்கட்டு, இல்லாட்டி கட்டைவிரலோட அடிப்பக்கம். அதனால ஒரு தம்பி வந்து "அண்ணா, தண்ணியில ஸ்கீ ஓட்டி முழங்கை போச்சு"ன்னு சொன்னப்ப, வேலை வேற, வலி ஒண்ணுதானேன்னு நெனச்சுட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன்.

தம்பி நம்ம ஊர்ப் பையன், அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல வேலை. அங்க ஏரிக்கரையில ஸ்லாலம் ஸ்கீ பழகி மூணு வருஷம் ஆகுது. பொங்கல் லீவுக்கு வந்தப்ப முழங்கையோட உள்பக்க எலும்ப தொட்டாலே துடிச்சான், தண்ணிக் குடத்தைத் தூக்க முடியல. ரெண்டு வாரம் டேப் ஒட்டி, ஐஸ் வெச்சு, மணிக்கட்டுப் பயிற்சி குடுத்து அனுப்புனேன், வலியும் கொறஞ்சுது. அடுத்த வருஷம் அதே கை, அதே இடம், இன்னும் மோசமா வந்து நின்னான். நான் வலிக்கிற இடத்தை மட்டும் பார்த்திருக்கேன், வலிய உண்டாக்குறது எதுன்னு ஒரு தடவை கூட கேக்கல. இந்த தடவை "நீ ஓட்டுற வீடியோ இருக்கா"ன்னு கேட்டேன்.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஸ்கீங்கறது தண்ணி மேல வழுக்கிப் போற நீளப் பலகை; ஸ்லாலத்துல ஒத்த ஸ்கீதான், ரெண்டு காலும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு அதுலயே. போட் உங்களக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு நேரா போகும், நீங்க கயிறு முனையில இருக்கற ஹேண்டிலப் புடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணுன்னு ஆறு மிதவையை மாத்தி மாத்தி சுத்தி வரணும். மொத்தப் பாதை 259 மீட்டர், பெரிய போட்டியில ஆம்பளைங்களுக்கு போட் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர் வரைக்கும், அதாவது பதினாறு செகண்டுல முடிஞ்சுரும். ஒவ்வொரு மிதவையும் போட் போற கோட்டுல இருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். 18.25 மீட்டர் கயிறுல ஆரம்பிச்சு, ஆறையும் சுத்திட்டா கயிறக் கொறைச்சுக்கிட்டே வருவாங்க. 11.25 மீட்டருக்கு வந்துட்டா கயிறே மிதவைக்கு எட்டாது, மிச்சத்தை நீட்டுன ஒத்தக் கையும் சாஞ்ச உடம்பும்தான் எட்டணும். கைக்கு எவ்வளவு வேலைன்னு இப்ப புரியும்.

வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். நாலாவது மிதவைகிட்ட தம்பி விரல் முட்டி வெளுத்துப் போயிருந்துச்சு. வெள்ளை வெளேர்னு. ஹேண்டில் உள்ளங்கைக்குள்ள ஆழமாப் புதைஞ்சு, மணிக்கட்டு உள்பக்கமா மடங்கி, முழங்கையும் மடங்கி, ஹேண்டில் நெஞ்சுக்கு நேரா வந்திருந்துச்சு. அந்தக் கைதான் வலிக்கிற கை.

கிளினிக் தூண்ல கயிறு கட்டி, மண்வெட்டிக் காம்புல ஒரு சாண் துண்டு வெட்டி ஹேண்டிலா மாட்டுனேன். ஒரு கை மேல பார்த்தும் ஒரு கை கீழ பார்த்தும் புடிக்கச் சொன்னேன், ஸ்லாலத்துல அப்படித்தான் புடிக்கறாங்க. முதல்ல அவன் வழக்கமாப் புடிக்கிற மாதிரி இறுக்கிப் புடிச்சு சாஞ்சான், முன்கைச் சதை கல்லு மாதிரி. அப்புறம் காம்ப உள்ளங்கையில இருந்து வெளிய கொண்டாந்து விரல் மடிப்புல கொக்கி மாதிரி மாட்டச் சொன்னேன், மணிக்கட்டு நேரா, முழங்கை நேரா ஆனா பூட்டாம, ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டி, ஹேண்டில் இடுப்புகிட்ட. அதே எடையில சாஞ்சான், முன்கையத் தொட்டுப் பார்த்தா பாதி எளக்கமா இருக்கு. "அண்ணா, இழுவை முதுகுக்குப் போகுதுண்ணா"ன்னான். அதேதான். கை நேரா இருந்தா பாரம் எலும்பு வழியா பெரிய முதுகுச் சதைக்குப் போயிரும், மடக்குனா விரல மடக்குற தசைநாரும் மேல்கை முன்பக்கச் சதையான பைசெப்ஸும் மட்டும் மாட்டிக்கும். விடாம இறுக்கிப் புடிச்சா சதைக்குள்ள ரத்த ஓட்டம் வேற கொறைஞ்சு, அதனாலதான் மூணு நாலு ரவுண்டுலயே கை மரத்துப் போகுது.

சரி, ஏன் இறுக்கறான்? பயத்துல. பயம் எங்க இருந்து வருதுன்னா திருப்பத்துல இருந்து. இதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

போட் கெளப்புற அலையைத் தாண்டுன உடனே தம்பி அவசரமா ஒரு கைய விட்டுடறான். அப்படி சீக்கிரம் விட்டா போட் உங்கள உள்பக்கமா இழுத்துரும், அகலம் கெடைக்காது, மிதவைக்கு நேரா மோதற மாதிரி போய் லேட்டா வெட்டித் திருப்ப வேண்டியதாயிரும். ரெண்டு கையும் ஹேண்டில்லயே, இடுப்போட ஒட்டி, வெளிய போற வேகம் தானா அடங்கற வரைக்கும் இருக்கணும். அப்புறமா மெதுவா, வலது மிதவைக்குப் போறீங்கன்னா வலது கைய விட்டு இடது கைய போட் பக்கமா நீட்டணும், இடது மிதவைன்னா இதுக்கு எதிர். நீட்டறதுன்னா தூக்கிப் போடறது இல்ல, சாமி விளக்குல எண்ணெய் ஊத்தற மாதிரி ஒரே சீரா.

இதை அவனுக்குப் புரிய வெச்சது நம்ம ஏற்காடு ரோடுதாங்க. இருபது கொண்டை ஊசி வளைவு, பைக் ஓட்டுன எல்லாருக்கும் தெரியும், வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சு, அகலமா எடுத்து, வெளிய வர்ற எடத்தைப் பார்த்து ஓட்டுனா வண்டி தானா திரும்பும், தடுப்புச் சுவரப் பார்த்துக்கிட்டு நடுவுல பிரேக்க மிதிச்சா ஹேண்டில் பாரை இறுக்குவீங்க, அப்புறம் கை வலிக்கும். மலை எறங்கி வந்து மணிக்கட்டு வலின்னு வர்ற பசங்களும் இதே கதைதான். ஸ்லாலத்துலயும் கண்ணு மிதவை மேல ஒட்டக்கூடாது, அதைத் தாண்டி முன்னாடி பார்க்கணும்.

தம்பி லேட்டாத் திரும்பறப்ப எடை பின்னங்காலுக்குப் போயிருது, ஸ்கீயோட வால் தண்ணியில புதையுது, அப்புறம் திடீர்னு வெட்டித் திரும்பி போட்ட நோக்கிப் பாயுது, அந்த நொடியில கயிறு தொய்ஞ்சு போயிரும். அடுத்த நொடி போட் அதை டக்குனு இழுத்து நேராக்கும். அந்தத் திடீர் இழுப்புதான் முழங்கைய ஒடைக்கிறது. முன்னங்கால்ல எடையோட பொறுமையாத் திரும்பி, இடுப்ப ஹேண்டில்கிட்ட கொண்டு போகணும், ஹேண்டில இழுத்து நெஞ்சுக்குக் கொண்டு வரக்கூடாது. விட்ட கை இடுப்பு உயரத்துலயே ஹேண்டில வந்து புடிக்கணும். கயிறு தொய்ஞ்சுட்டா அதைக் கை மடக்கி சரி பண்ணப் பார்க்காதீங்க, பெரிய தொய்வுன்னா ஹேண்டில விட்டுருங்க, அந்த ரவுண்டு போனா போகுது.

இதைக் கெஞ்சிக் கேக்கறேன், ஏன்னா மடங்குன கையில அந்த இழுப்பு விழுந்தா முழங்கைகிட்ட பைசெப்ஸ் தசைநாரே அறுந்து போகலாம். டப்புன்னு ஒரு சத்தம், முழங்கை முன்பக்கம் நீலம் கட்டும், மேல்கைச் சதை தோள் பக்கமா சுருண்டுக்கும், திருப்புளி சுத்தற மாதிரி கையத் திருப்ப பலம் இருக்காது. எண்ணெய் தடவி உருவிவிட்டு நாளைக் கடத்தாதீங்க, அன்னிக்கே எலும்பு டாக்டரப் பாருங்க, ஆபரேஷன் தேவைப்பட்டா முதல் ரெண்டு வாரத்துல பண்றது சுலபம், தள்ளிப் போனா கஷ்டம். இன்னொண்ணு, எந்தக் காரணத்துக்கும் கையையோ தலையையோ ஹேண்டிலுக்கும் கயிறுக்கும் நடுவுல இருக்கற வளையத்துக்குள்ள விடாதீங்க, கயிறக் கையில சுத்தாதீங்க. விழறப்ப கை உள்ள மாட்டுனா தோளே பிச்சுக்கும். அந்த வளையத்துல வலை வெச்ச ஹேண்டில் கெடைக்குது, அதையே வாங்குங்க.

வீட்டுல செய்யறதுக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம். கம்பியில கை நேரா வெச்சுத் தொங்கறது இருபது செகண்டுல ஆரம்பிங்க, ரெண்டு கையிலயும் தண்ணி நெறஞ்ச பக்கெட்டோட தோளக் கீழ எறக்கி நடங்க, ஈரத்துண்ட முறுக்கிட்டு பிரிக்கறப்ப மெதுவாப் பிரிங்க. மறுநாள் காலைல வலி கூடியிருந்தா நேத்து அதிகம்னு அர்த்தம், கொறைச்சுக்கணும். விரல்ல மதமதப்பு வந்தாலோ ராத்திரி வலி எழுப்புனாலோ தண்ணிக்குப் போகாதீங்க.

தம்பி ஆறு வாரம் ஸ்கீயத் தொடல. ஊருக்குப் போனதும் வேகத்தையும் கொறைச்சு, கயிறையும் பழையபடி 18.25க்கு நீட்டி, முதல் ஒரு மாசம் அகலமாப் போறது, பொறுமையாத் திரும்பறது மட்டும் பழகுனான். போன மாசம் ஒரு வீடியோ அனுப்பிச்சான். நாலாவது மிதவைகிட்ட நிறுத்திப் பார்த்தேன். முழங்கை நேரா இருக்கு, விரல் முட்டி கைக் கலர்லயே இருக்கு.