அடங்காமையா, ஒழுக்கா?

இருமினால் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று மருத்துவமனைக்குப் போய்வந்த என் பெரியம்மா, அங்கே கொடுத்த துண்டறிக்கையை என்னிடம் நீட்டினார். 'மன அழுத்தச் சிறுநீர் அடங்காமை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "எனக்கு என்னடா மன அழுத்தம்? இருமினால்தானே வருகிறது!" என்றார். 65 வயதுப் பெரியம்மாவுக்கு விளங்கியது மொழிபெயர்த்தவருக்கு விளங்கவில்லை. இந்த 'மன அழுத்தம்' என் கண்ணில் படுவதும் முதல் முறையன்று.

'ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் வரும் ஸ்ட்ரெஸ் உடலில் விழும் அழுத்தம். இருமினாலும், தும்மினாலும், குடத்தைத் தூக்கினாலும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடிச் சிறுநீர்ப்பையை நெருக்கும். பிரசவத்தாலோ முதுமையாலோ சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருந்தால் நீர் வெளியேறிவிடும். மனத்துக்கு இதில் வேலையே இல்லை. 'வயிற்றழுத்த ஒழுக்கு' என்றால் தீர்ந்தது.

ஏன் ஒழுக்கு? லத்தீனில் 'டெனேரே' என்றால் பிடித்துவைத்தல். அதில் பிறந்த 'கான்டினேரே'யின் எதிர்மறைதான் இன்கான்டினென்ஸ். கண்டத்தைக் குறிக்கும் 'கான்டினென்ட்'டும் அதே வயிற்றுப் பிள்ளை. ஆங்கிலத்தில் இது முதலில் மருத்துவச் சொல்லே அன்று. காம இச்சையை அடக்கத் தெரியாதவரைப் பழிக்க வழங்கியது. நோய்ப்பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நம்மவர்கள் அந்தப் பழிப்பையும் சேர்த்தே இறக்கிவிட்டார்கள். அடங்காமை, 'ஆரிருள் உய்த்து விடும்' என்று வள்ளுவர் எச்சரித்த குணம். அடங்காப்பிடாரி அதே குடும்பம். மூன்று பிள்ளை பெற்றவளின் தளர்ந்த தசைக்கா அந்தப் பட்டம்? 'அடக்க முடியவில்லை என்று மக்களே சொல்கிறார்களே' என்பார்கள். சொல்கிறார்கள், அவசரமாக முட்டிக்கொண்டு வரும்போது. இருமும்போது ஒழுகுபவருக்கு அடக்க நினைக்கவே நேரமில்லை. அதோடு, அடக்குவது பிறவினை, அடங்குவது தன்வினை. 'சிறுநீர் அடங்காமை' என்றால் சிறுநீரே திமிர்பிடித்து நிற்பதுபோல் இருக்கிறது. 'கட்டுப்பாடின்மை' என்பது இன்னும் மோசம், மாணவர் விடுதிக் காப்பாளர் எழுதிய புகார்க் கடிதம் மாதிரி. 'கசிவு' நல்ல சொல்தான். ஆனால் பானை கசிவதுபோல் மெல்ல நடப்பதற்கே பொருந்தும். புடவை முழுக்க நனைகிறவருக்கு அது போதாது.

கூரை ஒழுகுகிறது, மூக்கு ஒழுகுகிறது. சொட்டானாலும் தாரையானாலும் ஒழுகல்தான். சளி பிடித்தவரின் மூக்கு அடங்கவில்லை என்று எவரும் எழுதுவதில்லையே! 'ஒழுக்கு என்றால் ஒழுக்கம் நினைவுக்கு வருமே' என்றார் நண்பர் ஒருவர். மூக்கொழுகும் பிள்ளையைப் பார்த்தால் அவருக்கு ஒழுக்கமா நினைவுக்கு வருகிறது?

வகைக்கு ஒரு அடைமொழி சேர்த்தால் போதும். பை நிரம்புமுன்பே சுருங்கி, கழிவறைக் கதவைத் தொடுவதற்குள் வந்துவிட்டால் அவசர ஒழுக்கு. பை நன்றாக இருந்தும் மூட்டுவலியால் கால் போய்ச்சேராவிட்டால் இயலாமை ஒழுக்கு. அவருக்கு மருந்தைவிடக் கட்டிலருகே ஒரு கழிகலம் உதவும். பெரியம்மாவின் வகைக்கு முதல் மருத்துவம் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிப் பரப்பியது. குறைந்தது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். பலிக்காவிட்டால் அறுவை உண்டு. அவசர வகைக்கோ, கழிக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழக்குவார்கள். காபியைக் குறைக்கச் சொல்வார்கள். பிறகு மாத்திரை, அதற்கும் மசியாவிட்டால் பைச்சுவரில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி.

அதே துண்டறிக்கையின் பின்பக்கத்தில் 'ஓவர்ஃப்ளோ' வகையை 'அதிகப்படியான ஓட்டம்' ஆக்கியிருந்தார்கள். உண்மையில் அங்கே நீர் சரியாக ஓடவே இல்லை. ஆண்களுக்குப் பையின் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்தோ, நீரிழிவு நரம்பைக் கெடுத்தோ பை காலியாகாமல் நிரம்பி வழிகிறது. நம் ஊர்ச் சொல்லில் நீர்க்கட்டு, அதன்மேல் ஒழுக்கு. அடைப்பை நீக்க வேண்டும், அல்லது குழாய் செலுத்தித் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். பையின் சுருக்கத்தைத் தணிக்கும் அவசர வகை மாத்திரையை இவர் விழுங்கினால் நீர் இன்னும் தேங்கும். 'அதிகப்படியான ஓட்டம்' என்று படித்த முதியவர், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையில் ஒன்றைக் கேட்டு வாங்கமாட்டார் என்று என்ன உறுதி?