கம்யூனிட்டி காலேஜ் நர்ஸிங்: அந்த "இரண்டு வருஷம்" எப்போது தொடங்குகிறது?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நான் நர்ஸ் என்று தெரிந்ததும் கேட்பது இதைத்தான்: "கம்யூனிட்டி காலேஜில் படித்தால் இரண்டே வருஷத்தில் ஆர்.என். ஆகிவிடலாமாமே?" இரண்டு வருஷப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் படித்தும் ஆர்.என்., அதாவது லைசென்ஸ் பெற்ற நர்ஸ், ஆகலாம். ஆனால் அந்தக் கணக்கு நர்ஸிங் வகுப்பில் இடம் கிடைத்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முன்னால் அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஆங்கிலம், சைக்காலஜி எல்லாம் முடித்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு ஒவ்வொரு பாடமாக எடுப்பவருக்கு அதுவே இரண்டு வருஷத்தை விழுங்கிவிடும்.

இடம் கிடைப்பதும் அந்தப் பாடங்களின் கிரேடைப் பொறுத்துத்தான். பல கல்லூரிகள் அறிவியல் கிரேடோடு டீஸ் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து வரிசைப்படுத்துகின்றன. சில இடங்களில் குலுக்கல். அனாட்டமியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லேப் தேர்வில் மேசை மேசையாக நகர வேண்டும். மண்டையோட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டையைக் குறித்து வைத்திருப்பார்கள். அதன் பெயர் என்ன, அதன் வழியே போகும் நரம்பு எது என்று எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். 'சி' வந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், எத்தனை தடவை விடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஊரில் படித்த பி.எஸ்சி. விலங்கியலும் பழசாகிவிட்டது என்று தள்ளப்படலாம். முதல் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்பே மார்க் ஷீட்டோடு கல்லூரியின் படிப்பு ஆலோசகரை (கவுன்சிலர்) பாருங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கான விசா) இருப்பவர்கள் படிக்கத் தடையில்லை. வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்குப் போகத்தான் முடியாது.

காத்திருக்கப் பொறுக்காதவர்களைக் குறிவைத்துத் தனியார் விளம்பரங்கள் வரும். புளோரிடாவில் 3 நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட போலி டிப்ளமாக்களை விற்றதாக, 2023 ஜனவரியில் 25 பேர் மீதான வழக்கை அமெரிக்க மத்திய அரசு அறிவித்தது. சேரப்போகும் இடம் உங்கள் மாநில நர்ஸிங் போர்டு அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று போர்டின் தளத்திலேயே பாருங்கள்.

"நாலு வருஷப் பட்டம் இல்லையென்றால் மதிப்பார்களா?" என்பது அடுத்த கேள்வி. இரண்டு வருஷம் படித்தவரும் நாலு வருஷம் படித்தவரும் எழுதுவது ஒரே லைசென்ஸ் தேர்வு, என்கிளெக்ஸ்தான்; லைசென்ஸும் ஒன்றே. பெரிய ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என். என்ற அந்த நாலு வருஷ நர்ஸிங் பட்டத்தைக் கேட்பது உண்மை. நியூயார்க்கில் 2017இல் வந்த சட்டம், லைசென்ஸ் வாங்கிய 10 வருஷத்துக்குள் அதை முடிக்கச் சொல்கிறது. வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்கிறவர்கள் ஏராளம்.

நர்ஸிங் ஒத்துவருமா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் சி.என்.ஏ. (நர்ஸிங் உதவியாளர்) பயிற்சிக்குப் போங்கள். மத்திய விதிப்படி குறைந்தது 75 மணி நேரம். எழுந்திருக்க முடியாத ஒருவரைப் புரட்டித் துடைத்து, அவருக்குக் கூச்சம் வராமல் துணி மாற்றிவிட வேண்டும். மனசு ஒப்பவில்லையென்றால், பல கம்யூனிட்டி காலேஜ்களில் லேப் டெக்னீஷியன் படிப்பும் இருக்கிறது.