பயனிலை வரும்வரை கையை எடுக்காதீர்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பள்ளிக்கூடத்தில படிக்கக்குள்ள தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒரு மணித்தியாலத்தில சிறுகதை எழுதி முடிச்சிருவன். இப்ப கொப்பிய விரிச்சா முதல் வரியே முடியுதில்ல. எழுதுறன், வெட்டுறன், மறுகா எழுதுறன், மறுகா வெட்டுறன். நாவூறு பட்டிருக்கும் எண்டு அம்மா நூல் கட்டி விட்டிருக்கா. விஞ்ஞானம் இதுக்கு என்ன சொல்லுது?”

கண்ணேறு கழியக் கட்டிய நூல் இருந்துவிட்டுப் போகட்டும். கையில் கட்டிய நூல் எழுத்தைத் தடுப்பதில்லை. நூல் வேலை செய்யும்வரை கொப்பியைத் திறக்காமல் இருப்பதுதான் தடுக்கிறது. “மூட் வந்தால்தான் எழுத்து வரும்” என்று படித்தவர்கள் சொல்வதையும் நான் நாவூற்றுக் கணக்கில்தான் சேர்ப்பேன். அதற்கான சான்று பின்னால் வருகிறது.

எழுத உட்கார்ந்தும் எழுத வராத இந்த நிலைக்கு எழுத்துத் தடை என்ற பெயரை 1940களின் பிற்பகுதியில் பரவலாக்கியவர் எட்மண்ட் பேர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். அவர் காரணத்தைக் குழந்தைப் பருவத்தில் தேடினார். 1974இல் டெனிஸ் அப்பர் என்ற உளவியலாளர், தன் எழுத்துத் தடைக்குத் தானே செய்துகொண்ட சிகிச்சை தோற்ற கதையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். தலைப்பு இருந்தது, கட்டுரை இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மதிப்பீட்டாளரும் எலுமிச்சைச் சாறு, எக்ஸ் கதிர் எல்லாம் வைத்துப் பார்த்தும் ஒரு குறையும் காணவில்லை என்று எழுத, அதை அப்படியே அச்சிட்டார்கள்.

உருப்படியான துப்பு 1980இல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் மைக் றோஸ் பத்துப் பல்கலைக்கழக மாணவர்களை எடுத்துக்கொண்டார்; ஐந்து பேர் தடைப்படுபவர்கள், ஐந்து பேர் தடையில்லாதவர்கள். வேறுபாடு திறமையில் இல்லை, அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதிகளில் இருந்தது. தடைப்பட்டவர்களில் ஒரு மாணவி, தான் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே இலக்கணப் பிழையின்றி வரவேண்டும் என்று நம்பியவர். முதல் பந்தியிலேயே மணிக்கணக்காக எழுதுவதும் வெட்டுவதுமாக இருப்பார். வாசகியின் கேள்வியிலும் அதே இரண்டு வினைகள்தான் மாறிமாறி வருகின்றன.

ஏன் அப்படி ஆகிறது என்பதைப் பார்ப்போம். எழுதும்போது மூளை மூன்று வேலை செய்கிறது: என்ன சொல்வது என்று திட்டமிடுகிறது, அதைச் சொற்களாக்குகிறது, வந்ததைச் சரிபார்க்கிறது. மூன்றும் நடப்பது, அப்போதைக்கப்போது தேவையானதை மட்டும் ஏந்தி நிற்கும் செயல் நினைவில். உளவியலாளர்கள் அலன் பெட்லியும் கிரஹம் ஹிச்சும் 1974இல் முன்வைத்த மாதிரியில் அதற்குள் ஒலிக்கென்று ஒரு பகுதி உண்டு. உள்ளுக்குள் நமக்கு நாமே பேசிக்கொள்கிறோமே, அந்தக் குரல் அங்கேதான் சுழல்கிறது. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 2 செக்கன் பேச்சு. திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் நிற்கும், விட்டால் அழிந்துவிடும். யாரோ சொன்ன தொலைபேசி இலக்கத்தை எழுதப் பேனை தேடும் இடைவெளியில் வாய்க்குள் முணுமுணுப்பது இதனால்தான்.

இந்தச் சின்ன இடத்தை நம்பித்தான் இலக்கியம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான். வாக்கியம் காகிதத்தில் பிறப்பதில்லை. முதலில் உட்குரலில் ஒரு துண்டாக ஒலிக்கிறது, பிறகு கை அதை இறக்கி வைக்கிறது. ஆகவே எழுத்து ஒரே ஓட்டமாக வராமல், சில சொற்கள், ஒரு நிறுத்தம், மீண்டும் சில சொற்கள் என்று வீச்சு வீச்சாக வருகிறது. ஆய்வாளர்கள் ஆன் செனோவெத்தும் ஜோன் ஹேய்ஸும் 2003இல் வெளியிட்ட பரிசோதனை இதைக் கையும் களவுமாகப் பிடித்தது. சொல்லில்லாத கேலிச்சித்திரத் தொடர்களைக் கொடுத்து, அதில் நடப்பதை எழுதச் சொன்னார்கள். எழுதும்போதே வாயால் ஒரே அசையைத் தாளத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டும்: “டப், டப், டப்”. வாய் அந்த அசையில் மாட்டிக்கொண்டதும் உட்குரலுக்கு இடமில்லாமல் போனது. எழுதும் வேகம் குறைந்தது, ஒவ்வொரு வீச்சும் சொற்களில் குறுகியது, இலக்கணப் பிழைகள் கூடின. அதே தாளத்தைக் காலால் தட்டச் சொன்னபோது பாதிப்பு அந்தளவுக்கு இல்லை. சிந்தனை அப்படியே இருக்க, குரல் சுழலும் இடத்தை மட்டும் அடைத்தாலே எழுத்து நொண்டுகிறது.

இனி “டப், டப்” இருந்த இடத்தில் “இது சரியில்லை, இது பழசு, இதைப் போய் யார் வாசிப்பார்கள்” என்ற வசனத்தை வையுங்கள். குறை சொல்லும் குரலும் உட்குரல்தான். புதிய பாலம் வருவதற்கு முன் கல்லடிப் பாலத்தில் பயணம் செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: ஒரு பக்கத்து வாகனங்கள் கடக்கும்போது மறுபக்கம் நின்றேயாக வேண்டும். எழுதுபவரும் திருத்துபவரும் ஒரே நேரத்தில் ஏறினால் நடுவில் இருவரும் நிற்பார்கள். அந்த நேரத்தில் வாக்கியத்தின் மீதிப் பாதி அழிந்துவிடும். அழிந்ததைத் தேடும்போது மனம் “பார்த்தாயா, ஒன்றும் வரவில்லை” என்கிறது. அந்த வசனமும் அதே பாலத்தில்தான் ஏறுகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் இரண்டு கூடுதல் சுமைகள் இருப்பதாக நினைக்கிறேன். இது என் ஊகம். முதலாவது, நம் பயனிலை கடைசியில் வருகிறது. “நேற்று ஆத்தங்கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த கிழவன் தன் மகனிடம்…” என்று தொடங்கியவர், அவன் என்ன செய்தான் என்பதை இறுதிவரை தூக்கிச் செல்லவேண்டும். நடுவில் ஒரு சொல்லைத் திருத்த நின்றால் முதலில் விழுவது பயனிலைதான். இரண்டாவது, உட்குரல் பேசுவது மட்டக்களப்புத் தமிழ், காகிதம் கேட்பதோ எழுத்துத் தமிழ். “வந்திரிக்கா”வை “வந்திருக்கிறாள்” ஆக்கும் வேலையும் அதே 2 செக்கனுக்குள் நடக்கவேண்டும்.

இந்த ஊகத்தைச் சோதிக்கக் கோடிக்கணக்கில் மூளை ஸ்கேன் இயந்திரம் வேண்டியதில்லை. எந்த எழுத்து எந்தக் கணத்தில் அழுத்தப்பட்டது என்று பதியும் மென்பொருள் உண்டு. 2 செக்கனுக்கு மேற்பட்ட இடைவெளியை நிறுத்தமாகக் கணக்கிடுவது இத்துறையில் வழக்கம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ ஓர் இறுதியாண்டு மாணவரும் ஒரு மடிக்கணினியும் போதும். ஆய்வுப் பணத்தைக் கட்டடத்துக்கும் மாநாட்டுச் சாப்பாட்டுக்கும் செலவழிக்கும் நாட்டில் இப்படிப்பட்ட மலிவான கேள்விகள்தான் அநாதையாகக் கிடக்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வட்டைகளில் வழங்கிய நாட்டார் கவிக்கு நான்கு அடி, தெரிந்த மெட்டு, அடித்தலையில் எதுகை. ஒருவர் சொல்ல மற்றவர் பதில் கவி சொல்வார். வடிவம் முன்பே கையில் இருப்பதால் செயல் நினைவு முழுவதும் சொல்லுக்கே மிஞ்சுகிறது. வாயிலிருந்து போன அடியை வெட்டவும் முடியாது. கட்டுப்பாடு கற்பனையைக் கெடுக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்த்து அட்டைக்கு ஈரடிப் பாட்டு எழுதச் சொன்னபோது, கொடுத்த ஒரு பெயர்ச்சொல்லைக் கட்டாயம் சேர்க்கவேண்டியிருந்தவர்களின் பாட்டுகளே அதிகப் புதுமையாக இருந்தன.

இனி செய்முறை. ஓர் ஒற்றை றூல் கொப்பி, ஒரு நீலப் பேனை. பென்சிலும் அழிறப்பரும் வேண்டாம். தினம் 10 நிமிடம், கிழமைக்கு 5 நாள், ஒரே நேரம். 10 நிமிடம் என்பது மந்திர எண் இல்லை. அவ்வளவு நேரம்தான் திருத்துபவரைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்திவைக்க முடியும். போனில் எழுதுபவர்கள் விசைப்பலகை அமைப்பில் சொல் பரிந்துரையை நிறுத்திவிடுங்கள். மூன்று சொல்லைக் காட்டி எது வேண்டும் என்று அது கேட்பதும் ஒரு திருத்துபவரின் வேலைதான். அல்லது பேசி ஒலிப்பதிவு செய்து பிறகு எழுதலாம்.

விடயத்தைச் சுருக்குங்கள்: ஓர் இடம், இரண்டு ஆட்கள், ஒரு பொருள். கல்முனை பஸ் நிலையம், மாமியும் மருமகளும், ஒடிந்த குடை. தொடங்கினால் பயனிலை விழும்வரை கையை எடுக்கக்கூடாது. சொல் வரவில்லையா, ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே போங்கள். பேச்சுத் தமிழில் வந்தால் அப்படியே எழுதுங்கள். வாக்கியம் முடிந்து அடுத்தது வராவிட்டால், கதை கேட்கும் பிள்ளை மாதிரி “மறுகா?” என்று கேளுங்கள், வரும் பதிலை எழுதுங்கள். மணி அடித்ததும் நிறுத்துங்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் விதி தலைகீழ்: பயனிலை என்னவென்று தெரிந்தும் எழுதாமல் விடுங்கள். பாதியில் தடுக்கப்பட்ட வேலையை மனிதர் யாரும் கேட்காமலே மீண்டும் எடுப்பார்கள் என்பதை உளவியலாளர் மரியா ஒவ்சியான்கினா 1928இல் காட்டினார். மறுநாள் கொப்பியைத் திறந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை உங்களுக்காகக் காத்திருக்கும்.

பிழைக்கும் இடங்களும் தெரிந்தவைதான். மூன்றாம் நான்காம் நாளில் பின்னால் புரட்டி வாசிப்பார்கள், குப்பை என்று தோன்றும், அத்தோடு நிற்கும். முதல் கிழமைகளில் வருவது குப்பைதான், அதற்காகத்தான் வாசிக்கக்கூடாது. இன்னொன்று, ஒருநாள் நன்றாக வந்துவிட்டால் இரண்டு மணித்தியாலம் எழுதுவது. அடுத்த நாள் அதே அளவு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பிறக்கிறது, கொப்பி ஒரு கிழமைக்கு மூடிக்கொள்கிறது. நீண்ட காலம் விட்டவர்கள் நேரே நாவலில் இறங்குவதும் இந்த வகைதான்.

மூட் விடயத்துக்கு வருவோம். உளவியலாளர் ரொபர்ட் பொய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 27 விரிவுரையாளர்களை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியினர் அவசரம் தவிர எழுதக்கூடாது, ஒரு பகுதியினர் மனம் வந்தால் எழுதலாம், மற்றவர்கள் நாளும் எழுதியே ஆகவேண்டும். தவறினால் அவர்களுக்குப் பிடிக்காத அமைப்பொன்றுக்கு அவர்களின் காசோலை போகும். கட்டாயத்தில் எழுதியவர்கள் அதிகப் பக்கம் எழுதியதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன: ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. மனம் வந்தபோது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று.

யோசனை வற்றினால் நடக்கலாம். ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2014இல் காட்டியபடி, நடக்கும்போதும் நடந்து வந்து உட்கார்ந்த உடனேயும் யோசனைகள் கூடுகின்றன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஆகவே கல்லடிக் கடற்கரை கட்டாயமில்லை, வீட்டு முற்றமும் போதும். ஒரே விடை உள்ள சொற்புதிர்களுக்கு நடை உதவவில்லை என்பதால் நடையை எழுதுவதற்கு முன் வையுங்கள், திருத்துவதற்கு முன் அல்ல.

எல்லா நிறுத்தமும் இந்தப் பாலத்து நெரிசல் அல்ல. சுனாமியையோ போரையோ எழுத உட்காரும்போது கை நிற்பது வேறு. 1986இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், 15 நிமிடம் வீதம், தம் துயரத்தை எழுதச் செய்தார். எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்தது; பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. அப்படி எழுத விரும்பினால் அந்த அளவோடு நிறுத்துங்கள், தூக்கம் கெட்டால் கொப்பியை மூடுங்கள். எழுத்து மட்டுமன்றி சாப்பாடு, தூக்கம், ஆட்களோடு பேசும் விருப்பம் எல்லாம் இரண்டு கிழமைக்கு மேல் போயிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

இரண்டு கிழமை முடிந்த பிறகு, எழுதும் நேரத்தில் அல்லாமல் வேறொரு நேரத்தில், சிவப்புப் பேனையோடு கொப்பியைப் புரட்டுங்கள். முதல் சுற்றில் உயிருள்ள வாக்கியங்களுக்கு மட்டும் கோடிடுங்கள். அடுத்த சுற்றில் விட்டுப்போன சொற்களை நிரப்புங்கள். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவது கடைசிச் சுற்று. உரையாடலில் அதற்கும் தேவையில்லை. முதல் பந்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். பலருக்குக் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும். அப்படியானால் முதல் பந்தியை இப்போது தாராளமாக வெட்டலாம்.